எச்சி டாக்டர்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலேயே, அடுத்தவர் துப்பியதற்கு நன்றி சொன்ன ஒரே மனிதர் எங்கள் எச்சி டாக்டர்தான். டாக்டர் என்பது தெரு கொடுத்த பட்டம். ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம், சிறுநீர் சோதிக்கும் அறையில் வேலை பார்த்தார். எண்பதுகளில் குனோங் ராபாட்டில் எனக்கு அடுத்த வீடு.

மாலையில் சட்டைப்பை பிதுங்கச் சின்னச் சின்ன போத்தல்களோடு தெருவில் இறங்குவார். கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். ஒருமுறை லாரி ஓட்டும் முனியாண்டி சாக்கடையில் துப்பப் போக, இவர் பாய்ந்து தாடையைப் பிடித்துவிட்டார்.

“அண்ணே, வீணாக்காதீங்க! இதுல துப்புங்க லா.”

“யோவ், கீலாவா, பைத்தியமா நீ? என் எச்சிய வச்சி என்ன பண்ணப் போற?”

முனியாண்டி துப்பினார், இவர் சட்டைமேல். துடைத்துக்கொண்டே நன்றி சொன்னார் எச்சி டாக்டர்.

எல்லாம் மனைவி பாக்கியம் அக்காவுக்காக. மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் ஆகி, மருந்து ஏற்றி ஏற்றிக் கை நரம்புகள் உள்ளே போய்விட்டன. நோய் திரும்புகிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். இங்கே குத்தி, அங்கே குத்தி, கை முழுக்க நீலம் பாய்ந்திருக்கும். அக்கா அழமாட்டார். வெளியே நிற்கும் இவர்தான் அழுவார்.

“ரத்தத்துல தெரியறது எச்சில்ல ஏன் தெரியாது தம்பி?” என்று என்னைக் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. ஆனால் பதில் தேட அவரிடம் இருந்தது கிளினிக்கில் கழித்துப்போட்ட ஒரு மைக்ராஸ்கோப் மட்டுமே. நோயில்லாதவர்கள் எச்சிலையும் அக்காவின் எச்சிலையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். விஷயம் கிளினிக்குக்குத் தெரிந்தது. நோயாளிகள் அருவருக்கிறார்கள் என்று அவரை மருந்து மடிக்கும் மேசைக்குத் தள்ளினார்கள்.

ஒருநாள் வேலிக்கு மேல் எட்டிக் கத்தினார். “ஒன்னுமே இல்ல தம்பி! எச்சி சுத்தமா இருக்கு! இனி ரத்தம் எடுக்கப் போக வேணாம்னுட்டேன்!”

பயந்துபோய் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். “நீங்களும் நம்புறீங்களாக்கா?”

“நான் எங்க நம்புறேன்? இந்தத் தீபாவளிக்கு என் கையப் பாத்தியா, நீலமே இல்ல. அது போதும்லா. அவருகிட்ட சொல்லிடாத.”

தை பிறப்பதற்குள் முதுகுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் எலும்புவரை பரவிவிட்டது என்றார்கள். கடைசி வரைக்கும் குத்தினார்கள்.

சாவு வீட்டில் முனியாண்டி சத்தமாகக் கேட்டார்: “எச்சி என்ன சொல்லிச்சி டாக்டரே?” நாலு பேர் சிரித்தார்கள். அங்கே, பிணத்துக்குப் பக்கத்தில்.

“தப்பா பாத்துட்டேன்ணே” என்றார் இவர், பரீட்சையில் தோற்றவர் போல.

லூமுட்டில் இருக்கும் தன் தம்பி வீட்டோடு போய்விட முடிவு செய்தார். பஸ் நிலையத்தில் எனக்கு மனசு தாங்கவில்லை.

“உங்க தப்பு ஒன்னும் இல்லண்ணே. அக்காவுக்கு எல்லாம் தெரியும். ஊசி இல்லாம கொஞ்ச நாள் இருக்கணும்னுதான் சும்மா தலையாட்டுனாங்க.”

ஆறுதல் சொன்னதாக நினைத்தேன்.

“அப்போ அவகூட என்னை நம்பலையா?”

லூமுட் பஸ் வந்து நின்றது. அவர் பையைத் தூக்கினார். நான் பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டேன்.

“அடுத்த பஸ்ல போலாம்ணே.”