நாற்பது லட்சத்தை ஏற்றுக்கொண்ட பிரபஞ்சம்

மண்டபத்துக்கு வெளியே செருப்பு விட இடமில்லை. உள்ளே, கேட்ட பணத்தைப் பிரபஞ்சத்திடம் வாங்கித் தருகிற ‘கோடி குரு’. வரிசையில் முடிவெட்டுபவர், தையல்காரர், வங்கிக் காசாளர், ஏன், பிள்ளைகளுக்குச் சதவீதம் சொல்லித்தரும் கணக்கு வாத்தியாரும்தான்.

முறை ரொம்ப எளிது. குருவின் தங்கப் பேனாவால் வேண்டிய தொகையை ஓர் அட்டையில் எழுத வேண்டும். அவர் அதை விளக்குக்கு மேலே காட்டுவார். எழுத்து மறையும். பிரபஞ்சம் வாங்கிக்கொண்டதாம்! கட்டணம், கேட்ட தொகையில் ஒரு சதவீதம். பிரபஞ்சமே கமிஷன் ஏஜென்ட் வைத்துத் தொழில் நடத்துகிற காலம், என்ன செய்ய?

வீட்டிலேயே கேக் செய்து விற்கிற அக்கா ஒருத்தியும் நின்றாள். பெரிய ஓவன் வாங்க வேண்டும், விலை அறுபதாயிரம். நாற்பது சேர்த்துவிட்டாள். மாதம் ஐந்தாயிரம் போட்டால் இன்னும் நாலே மாதம். அதைத்தான் எழுதப் போவதாகச் சொன்னாள். உதவியாளன் தங்கப் பேனாவைத் தரவில்லை, ஒரு நீலப் பேனாவை நீட்டினான். குரு விளக்கில் காட்டியும் எழுத்து அசையவில்லை. அவர் முகத்தைச் சுளித்தார்.

“ஓவனெல்லாம் கேட்டா பிரபஞ்சத்துக்கு அசிங்கம்மா. கையில எவ்வளவு வெச்சிருக்க?”

“நாப்பதாயிரம் சாமி.”

“அப்ப நாப்பது லட்சம் எழுது.”

பிரபஞ்சம் எவ்வளவு நியாயமானது பாருங்கள்! அவரவர் பர்ஸ் பார்த்துத்தான் வாரி வழங்கும். இந்த முறை தங்கப் பேனா வந்தது. எழுத்தும் மறைந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், அதுவரை அட்டை யார் கண்ணிலும் படக்கூடாது என்று உத்தரவு.

பீரோவைப் புருஷன் குடைவான், டப்பாக்களைப் பிள்ளைகள் குடைவார்கள். அக்கா அட்டையை ஃப்ரீசரில் உறைந்த பட்டாணிக்கு அடியில் ஒளித்தாள். மறுநாள் கால் சுளுக்குக்கு ஐஸ் தேடி வந்த நாத்தனார் அதை வெளியே இழுத்தாள். நாற்பது லட்சம், பளிச்சென்று.

“யாருக்கு அண்ணி இவ்வளவு?”

விளக்கில் எழுத்து மறைந்த கதையைச் சொல்லி, பணம் கட்டவில்லை என்று பிரபஞ்சம் கோபித்துத் திருப்பி அனுப்பிவிட்டதாக அக்கா அழுதாள். இப்போதே போய்க் கட்டுகிறேன் என்று பர்ஸை எடுத்தாள். நாத்தனார் பர்ஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, அட்டையைத் தோசைக்கல் அனலில் காட்டினாள். எழுத்து போனது. ஃப்ரீசரில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வந்தது. மறுபடி அனல், மறுபடி ஃப்ரீசர். சூட்டில் மறைந்து குளிரில் திரும்புகிற மை, அவ்வளவுதான்.

“பிரபஞ்சத்துக்கு நம்ம பட்டாணி மேல என்ன அண்ணி இவ்வளவு ஆசை?”

அக்காவுக்கு அழுகை நின்றது. வேறொன்று ஏறியது.

ஞாயிறன்று பர்ஸோடும், ஐஸ் பெட்டி தூக்கிய நாத்தனாரோடும் போய்த் தங்கப் பேனாவைக் கேட்டு வாங்கி எழுதினாள். குரு அட்டையைப் படிக்கவில்லை. அவர் படிப்பது பர்ஸை மட்டும்தான். விளக்கில் காட்டினார், எழுத்து மறைந்தது, பிரபஞ்சம் ஏற்றுக்கொண்டதென்று மைக்கில் அறிவித்தார். மண்டபமே கைதட்டியது. அக்கா மைக்கை வாங்கினாள்.

“நான் என்ன எழுதினேன் தெரியுமா? இதுவரைக்கும் வாங்குன காச குரு எல்லாருக்கும் திருப்பிக் குடுக்கணும்னு எழுதினேன். ஏத்துக்கிச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எப்ப தர்றீங்க சாமி?”

“அது... அந்த மாதிரி எழுதினா ஏத்துக்காதும்மா.”

“அப்புறம் எழுத்து எதுக்கு மறைஞ்சுது?”

நாத்தனார் ஐஸ் பெட்டியைத் திறந்து பழைய அட்டையை எடுத்து, எழுத்தைக் காட்டி, அதே விளக்கில் மறைத்தும் காட்டினாள். முதலில் எழுந்தவர் கணக்கு வாத்தியார். காசாளர் வாசலை அடைத்துக்கொண்டார். கல்லாப்பெட்டியோடு பின்பக்கம் நழுவிய உதவியாளனைத் தையல்காரர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். அன்று சாயங்காலம்வரை குரு திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பிரபஞ்சம் ஒருமுறையாவது கேட்டதைக் கொடுத்தது!

அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இலக்கு வைத்தார்கள். அக்காவின் ஓவனை விட்டால், அதில் கைக்கு எட்டும் இலக்கு வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் மேடையில் உட்கார்ந்திருந்தார், அவருடைய இலக்கு நம் பாக்கெட். இனி எவனாவது கோடி எழுதச் சொன்னால், எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். அதற்கு மட்டும் யாரும் கமிஷன் கேட்பதில்லை.