கீழ்ச் சந்து வாய்க்கால்

"ஏனுங்க, அந்தக் காயிதமா? வர்க்கி தீந்ததும் அடுப்புப் பத்த வச்சுட்டேனே!" என்றாள் மரகதம்.

அவள் கணவர் லிங்கசாமி அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். அவர் பேரூராட்சி எழுத்தர். கீழ்ச் சந்தில் வெட்டப்போகும் வாய்க்காலின் வரைபடத்தில் நேற்று டீக்கடை வர்க்கியைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். பதினொரு மணிக்கு ஊட்டியிலிருந்து இன்ஜினீயர் வருகிறார். வரைபடம் இல்லையென்றால் மாவட்டத்தின் மறுகோடியில், சேரங்கோட்டுப் பக்கம் மாற்றல் நிச்சயம். மரகதமோ இந்த அருவங்காட்டைத் தாண்டி ஓரடி வைக்க மாட்டாள்.

காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் படம் தொங்கியது. பக்கத்து வீட்டு ஜெஸிந்தா டீச்சர் ஏதோ வெளிநாட்டு நகரத்தின் போட்டோவைப் பார்த்து வரைந்து கொடுத்தது. குறுகலான வாய்க்கால், இருபுறமும் தண்ணீருக்குள்ளிருந்தே எழும்பிய மாடி வீடுகள், வளைவு வளைவாய் ஜன்னல்கள், குட்டிப் பாலம், அதனடியில் ஒரு தோணி.

எந்த ஊராயிருந்தால் என்ன, வாய்க்கால் வாய்க்கால்தானே! கழற்றிக் கொண்டுபோய்க் கோப்பில் வைத்துக் கட்டினார். எந்த அதிகாரி கோப்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்?

இன்ஜினீயர் மருதாசலம் பிரித்துப் பார்த்தார்.

"லிங்கசாமி, இதென்னங்க பாலம்?"

"சனங்க தாண்டிப் போறதுக்குங்க சார்."

"கீழ்ச் சந்துல இத்தனை மாடி ஊடா இருக்குது?"

"வாய்க்கா வந்தா ஊரு முன்னேறுமுங்க. முன்கூட்டியே போட்டு வச்சுட்டோமுங்க."

"சரி. தோணி?"

"தூர் வாரறதுக்குங்க."

மருதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தோணி அங்கேயேதான் இருந்தது.

"நடங்க, இடத்தைப் பாத்துரலாம்."

கீழ்ச் சந்தில் இரண்டு வரிசைத் தகரக் கூரை வீடுகளும், கொடியில் துணிகளும், ஓர் ஆடும் இருந்தன. இன்ஜினீயர் படத்தையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். லிங்கசாமி மனதுக்குள் சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தார். சேரங்கோட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதுல இருக்கறது எதாச்சும் இங்க இருக்குதுங்களா?" என்று மருதாசலம் படத்தை உயர்த்திப் பிடித்தார்.

வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காளியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை உற்றுப் பார்த்தாள்.

"மாடியை உட்டுத் தள்ளுங்க சார், இது போன ஐப்பசி மழையில எங்க சந்தேதானுங்க! ஆனா தோணி மட்டும் பச்சைப் பொய்யுங்க, அன்னிக்கு ஆபீஸ்ல இருந்து ஒருத்தருமே வரலீங்களே!"