பூஜையில் வைத்த துப்பாக்கி

மல்லேஸ்வரம், பெங்களூர்.
1997, விஜயதசமி, மத்தியானம்.

அன்புள்ள மாப்பிள்ளை ஹரிஷ்குமார் அவர்களுக்கு மாமனார் கோதண்டராமன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் மாமியாரும் நலம். இன்றைய நிலவரப்படி நான் அவளைவிட அதிக நலம். அமெரிக்காவில் நீங்களும் பார்கவியும் சௌக்கியமாக இருக்கக் காடு மல்லேஸ்வரர் அருள்புரிவார். மற்ற குசலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. மாப்பிள்ளை, ஜெயித்துவிட்டேன்!

போன தடவை வந்தபோது டி.வி.யில் மாட்டி ஆடும் உங்கள் பழைய விளையாட்டுப் பெட்டியையும் சிவப்பு கேசட்டையும் இங்கே விட்டுச் சென்றீர்களே, துப்பாக்கியோடு நாமே பிசாசுகளின் கோட்டைக்குள் நடந்து போகிற அந்த ஆட்டம், அதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்காகச் செய்ததைச் சின்னப் பெட்டிக்குள் அமுக்கி அடைத்திருக்கிறார்கள், படம் கொஞ்சம் கலங்கலாக இருக்கும் என்றீர்கள். கொஞ்சமா? தூரத்தில் நிற்பது பிசாசா தூணா என்று தெரியாமல், கண்ணில் புரை விழுந்துவிட்டதென்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். கண் பளிங்கு மாதிரி இருக்கிறதாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பிசாசுகள் எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் என் முகத்தையேதான் பார்க்கின்றன, ஒன்றுகூட முதுகு காட்டவில்லை. புறமுதுகிடாத ஜாதி! எதிரி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

நான் தினம் சாயந்திரம் உட்கார்ந்துவிட்டதால் உங்கள் மாமியாருக்கு சீரியல் போயிற்று. ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைக்கவும் வழியில்லை. கரண்ட் போனால் மறுபடி முதல் அறை. நம் தெருவில் கரண்ட் எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கடைசியில் ரத்தினம்மாள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்: "விஜயதசமிக்குள்ள முழுசா முடிச்சீங்கன்னா சாயந்திரம் டி.வி. உங்களுக்கு. நான் வாயே தொறக்க மாட்டேன். முடிக்கலியா, அந்தச் சனியன் பரணுக்குப் போவுது." சரி என்றேன். ஆம்பிளை வேறென்ன சொல்ல முடியும்?

நேற்று ஆயுத பூஜை. காலையிலேயே உட்கார்ந்து கடைசி மண்டபத்து வாசல்வரை போய்விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பூசணிக்காய் வாங்கிவரச் சொன்னாள். ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், டி.வி.க்கு முன்னாலேயே அரிவாள்மணை, மிக்சி, தையல் மெஷின் வரிசையில், மாட்டிய வயரோடு உங்கள் பெட்டியும்! மேலே செவ்வந்திப்பூ, பொத்தான் பலகை முழுக்கச் சந்தனம், குங்குமம். கற்பூரமும் காட்டியாகிவிட்டது. நல்லவேளை, சுவிட்சை அணைக்கவில்லை.

"ஐயையோ, இதை ஏண்டி வெச்சே?"

"ஆயுதம்னா பூஜைக்கு வெக்கணும். அதுல துப்பாக்கி கீதா இல்லியா?"

பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது. அதுவரை கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். நேராகக் கரண்ட் ஆபீசுக்கு ஓடினேன். லைன்மேன் முனிராஜ் வாசலில் பொரி மென்றுகொண்டிருந்தான். இன்று எங்கள் பக்கம் நிறுத்துவீர்களா என்று கேட்டேன்.

"பேஜார் பண்ணிக்காதீங்க சார். இன்னிக்கு யாரு லைனை ஆஃப் பண்றது? கட்டிங் பிளேயர், ஸ்பேனர் எல்லாம் பூஜையில கீது. நாளைக்குத்தான் கை வெப்போம்."

"தானாப் போச்சுன்னா?"

"போனாலும் நாளைக்குத்தான்" என்று சொல்லி எனக்கும் ஒரு கை பொரி கொடுத்தான்.

சாமி கண்ணைத் திறந்தார், கரண்ட் கண்ணை மூடவில்லை. இன்று காலை தேங்காய் உடைத்து, பூவை எடுத்து, கும்பிட்டுவிட்டுப் பொத்தான் பலகையைக் கையில் எடுத்தேன். மண்டபத்துக்குள் ஆட்டுக்கால் வைத்த இரண்டு ராட்சதர்கள் பச்சை நெருப்பை வீசிக்கொண்டு வந்தார்கள். சுடும் பொத்தானை அமுக்கினேன். அமுங்கியது அமுங்கியதுதான், எழும்பவே இல்லை! சந்தனம் காய்ந்து இறுகி அதைக் கவ்விக்கொண்டுவிட்டது. துப்பாக்கி தீபாவளிச் சரம் மாதிரி தன்பாட்டுக்கு வெடிக்கிறது, நான் ஆளைத் திருப்புவது மட்டும்தான். குண்டு தீர்வதற்குள் இரண்டு பேரும் குளோஸ்! எந்தக் கை என்னைத் தடுத்ததோ அந்தக் கை தடவிய சந்தனமே எனக்கு ஜெயம் கொடுத்தது. சந்தோஷத்தில் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது.

ஒரே ஒரு குழப்பம். அதற்குப் பிறகு நம் ஆள் ஓர் இருட்டறைக்குள் போய்ச் செத்துவிடுகிறான், உடனே இங்கிலீஷில் ஏதோ எழுத்து ஓடுகிறது. "செத்தவன் எப்படி ஜெயிச்சான்?" என்று ரத்தினம்மாள் பிடித்துக்கொண்டாள். வீர சொர்க்கம் என்றேன். நம்பவில்லை. மாடியில் குடியிருக்கும் டென்சில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான், அவனைக் கூப்பிட்டோம். எழுத்தைப் பார்த்துவிட்டு, "கரெக்ட் ஆண்ட்டி, அங்கிள் முடிச்சிட்டாரு" என்றான். ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். முப்பது வருஷத்துத் தாம்பத்தியத்தில் அவள் பேசாமல் நின்றதை இன்றுதான் பார்த்தேன்.

பார்கவியை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். எந்தக் கதவைத் திறந்தாலும் எதிரில் பிசாசு நிற்காத வாழ்க்கை உங்கள் இருவருக்கும் அமைய வாழ்த்தும்,

மாமனார்,
கோதண்டராமன்.

பி.கு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் டென்சில் காப்பி குடிக்க மறுபடி வந்தான். வந்தவன் காப்பியைக் குடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? நான் முடித்தது முதல் பாகம்தானாம். இன்னும் இரண்டு இருக்கிறதாம். நான் ஆடியது சின்னப் பசங்களுக்கான சுலபமான வழியாம்; கஷ்டமான வழியில் தொடங்கினால்தான் மற்ற இரண்டும் திறக்குமாம். ரத்தினம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "முழுசான்னு சொன்னேனா இல்லியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். பெட்டி பரணுக்குப் போய்விட்டது. ஏற்றியது அவள், ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். அடுத்த தடவை வரும்போது ஒரு சின்ன டி.வி. வாங்கி வரவும். கஷ்டமான வழியில் ஆட எனக்குத் தைரியம் நிறைய இருக்கிறது, மாப்பிள்ளை, டி.வி.தான் இல்லை.