மகானை எச்சரித்த விளக்கு

ஊரில் பழைய கார் வைத்திருந்த அத்தனை பேரும் அன்று காலை பட்டறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஓடாத காரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஓடாத காருக்கு என்ன ஆபத்து என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நேரத்தில் வரிசையில் இடம் போய்விடும்.

உள்ளே விளக்கு மகான் எழுந்தருளியிருந்தார். வெள்ளைக் கோட்டு, பையில் ஸ்க்ரூடிரைவர், எப்போதும் பாதி மூடிய கண்கள். டேஷ்போர்டில் அவர் ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்துவார். தீயது எதிரே வந்தால் அது மினுக்கி மினுக்கி எச்சரிக்கும். புதுக் கார்களைத் தொடவே மாட்டார். அவற்றுக்கு ஆத்மா இல்லையாம். அவற்றின் வயரிங் அவருக்குப் புரியாது என்பது தெய்வ ரகசியம்.

சாட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை.

"நாய் குறுக்க பாஞ்சுச்சு. விளக்கு மினுக்குச்சு. நின்னுட்டேன்!" என்றார் பேக்கரிக்காரர்.

"எனக்கு லாரி," என்றார் பல் டாக்டர். படித்தவர் என்பதால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

அதே பட்டறையின் மூலையில் சீட் கவர் தைப்பவளுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. அவள் கவலை அவளுக்கு. வாடகைக் கார் ஓட்டும் அவள் புருஷன் போன மாதமே விளக்கு பொருத்திக்கொண்டான். அன்றிலிருந்து பிரேக்கைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டான். இன்று சீட்டுக்கு உறை மாட்டக் காரோடு பட்டறைக்கு வந்திருந்தான்.

"ஏங்க, பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. மாத்துங்கன்னு எத்தனை தடவ சொல்றது? நாளைக்கு மலை எறக்கத்துல பொண்ண வேற கூட்டிட்டுப் போறீங்க."

"விளக்கு இருக்கும்மா. ஆபத்துன்னா அதுவே சொல்லிடும்."

"அது சொன்னப்புறம் எதை மிதிப்பீங்க?"

"பெரியவங்க விஷயத்துல குதர்க்கம் பேசாத."

அவளுக்குப் பயம் விடவில்லை. ஆனாலும் வேலை கிடக்கிறதே. புருஷனின் காரில் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்கு உறை மாட்ட உட்கார்ந்தாள். உறையை இழுத்துப் பிடிக்கக் காலை ஊன்றினாள். கால் பிரேக் மேல் பட்டது. விளக்கு மினுக்கியது.

எதிரே பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர். அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது? காலை எடுத்தாள், அணைந்தது. மிதித்தாள், மினுக்கியது. குனிந்து பார்த்தாள். பிரேக் லைட்டுக்குப் போகும் வயரிலிருந்து ஒரு கிளை பிரிந்து விளக்குக்கு ஓடியது. அவ்வளவுதான் அருள். நாயைப் பார்த்து ஆளே மிதிக்கிறான். மிதித்த பிறகு விளக்கு எரிகிறது. விளக்குதான் முதலில் சொன்னது என்று ஊரெல்லாம் சத்தியம் செய்கிறான்.

இதைச் சொன்னால் புருஷன் மறுபடியும் குதர்க்கம் என்பான். எனவே ரெக்சின் உறையை மடியில் கால் மறைய விரித்துக்கொண்டு, குரலில் பக்தியைக் குழைத்தாள்.

"மகானே, எங்க விளக்கு சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும். ஒவ்வொருத்தரா வண்டிக்கு முன்னால வந்து நின்னா போதும்."

கூட்டம் கார் ஜன்னல்களில் மொய்த்தது. பேக்கரிக்காரர் நின்றார். விளக்கு சும்மா இருந்தது. பல் டாக்டர் நின்றார். சும்மாதான் இருந்தது.

"நல்லவங்கதான். நீங்களும் ஒரு நிமிஷம் வாங்க சாமி."

மகான் புன்னகையோடு வந்து நின்றார்.

விளக்கு மினுக்கியது.

அவர் விலகினார். அணைந்தது. திரும்ப வந்தார். மினுக்கியது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. "ஐயோ, தீயதுன்னா இவரேவா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"முட்டாளுங்களா! அவ பிரேக்கை மிதிக்கிறா! கால எடுக்கச் சொல்லுங்க!" என்று மகான் கத்தினார்.

 அவள் புருஷன் மெதுவாகக் கேட்டான்.

"பிரேக்குக்கும் விளக்குக்கும் என்னங்க சம்பந்தம்?"

மகானின் கண்கள் முதன்முறையாக முழுசாகத் திறந்தன. அதற்குள் ஏற்கெனவே விளக்கு பொருத்தியிருந்தவர்கள் தத்தம் காருக்கு ஓடி பிரேக்கை மிதித்தார்கள். டேஷ்போர்டுகளில் எல்லாம் சிவப்பு மினுக்கியது. அந்தக் களேபரத்தில் அருள்மூர்த்தி பின்வாசல் வழியாக மறைந்தருளினார்.

புருஷன் அப்போதே சக்கரத்தைக் கழற்றச் சொன்னான். பிரேக் கட்டை தேய்ந்து வெறும் இரும்பு பல்லிளித்தது. அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பொண்ணு நாளைக்கு பஸ்ல போகட்டும்மா," என்றான்.

பேக்கரிக்காரர் மட்டும் இன்னும் போகவில்லை. சீட் கவர் தைப்பவளின் முன் கைகூப்பி நின்றார்.

"தாயே, நீங்கதான் உண்மையான சக்தி. உங்க கையால ஒரு விளக்கு பொருத்திக் குடுத்தீங்கன்னா..."

"ஐயா, தோளுக்கு மேல ஒண்ணு வச்சிருக்கீங்களே, அது தொப்பி மாட்ட மட்டும் இல்ல," என்றாள் அவள். "முதல்ல அதுக்குக் கனெக்‌ஷன் குடுங்க."