துளையே சான்று

வீட்டில் காய்கறி வளர்க்கக் காரணம் வேண்டுமா என்று கேட்டால், சாதாரண மனிதனுக்கு வேண்டியதில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு வேண்டும். அதுவும் இரண்டு பிரதியில் வேண்டும்.

இந்த உண்மை எடை அளவு முத்திரை அலுவலகத்துக்கு இயக்குநர் மூலமாகத் தெரியவந்தது. அவர் ஒரு கருத்தரங்குக்குப் போன இடத்தில் யாரோ தன் வீட்டுத் தக்காளி ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கடித்தவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். மறுநாளே சுற்றறிக்கை. ஊழியர் அனைவரும் தத்தம் இல்லங்களில் காய்கறி பயிரிட்டு, அதற்கான காரணத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளனர். அங்கீகரிக்கப்பட்ட காரணங்கள்: உடற்பயிற்சி, மன அமைதி, நஞ்சின்மை. காரணத்தை ஐயமற நிரூபிப்பவரின் பெயர், காலியாக உள்ள கண்காணிப்பாளர் பதவிக்குப் பரிசீலிக்கப்படும்.

கடைசி வரியைத் துணைக் கண்காணிப்பாளர் மூன்று முறை படித்தார். ஆபீஸில் அவருக்கு 'உடனடி' என்று பெயர். எந்தக் காகிதம் வந்தாலும் மூலையில் 'உடனடி' என்று சிவப்பு மையில் எழுதி, பத்திரமாக மேசையின் அடித்தட்டில் தூங்கப்போட்டுவிடுவார். 'துணை' என்ற சொல்லைச் சுமந்தே அவருக்கு முடி கொட்டிவிட்டது. கண்காணிப்பாளர் ஆகாமல் ஓய்வு பெற்றுவிடுவோமோ என்ற பயம் அவரைச் சோற்றிலும் தூக்கத்திலும் அரித்துக்கொண்டிருந்தது.

நல்லவேளை, அவர் வீட்டு மொட்டை மாடியில் ஏற்கனவே தோட்டம் இருந்தது. மனைவி போட்டது. கத்தரிச் செடி தொட்டி தொட்டியாக, கருநீலத்தில் பளபளவென்று காய்த்துத் தொங்கியது. அன்று மாலை அவர் முதல்முறையாக மாடிக்கு ஏறிப் போனார்.

"இதெல்லாம் எதுக்கு வளர்க்கிற?"

"எதுக்குன்னா? எனக்குக் கத்தரிக்காய் பிடிக்கும்."

"பிடிக்கும்ங்கிறது காரணம் ஆகாது. அது ஒப்புதல் வாக்குமூலம்."

"இத்தனை வருஷம் மூணு வேளையும் தின்னப்போ காரணம் கேட்டீங்களா?" என்றாள் அவள், வாளியைக் கீழே வைக்காமலே.

அவர் யோசித்து நஞ்சின்மையை எழுதிக் கொடுத்தார். மற்ற இரண்டும் ஆபத்து என்று கண்ணெதிரே தெரிந்தது. உடற்பயிற்சி என்று எழுதிய காவலாளியை, மூட்டை நிறுக்கும் தராசில் வாரா வாரம் ஏற்றி இறக்கினார்கள். ஆளின் எடை ஏறிக்கொண்டே போனது. ஏன் இளைக்கவில்லை என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மன அமைதி என்று எழுதிய தட்டச்சு அம்மாவிடம் இயக்குநரின் ஆய்வுக் குழு வந்து, "அமைதியா இருக்கீங்களா? இப்போ? இப்போ?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர் மையொற்றும் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டார். காரணம் நிராகரிக்கப்பட்டது.

நஞ்சின்மையில் ஒரு சிக்கல்தான். நஞ்சு இல்லை என்பதை எப்படி அளப்பது? அளக்க முடியாத ஒன்றுக்கு அந்த அலுவலகம் பிறந்த நாள் முதல் முத்திரை குத்தியதில்லை. குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. மருந்து அடிக்காத செடியில் புழு இருக்கும். புழு இருந்தால் துளை இருக்கும். துளையை அளக்கலாம். ஆகவே துளையே சான்று.

"துளைன்னா அதுவும் ஒண்ணும் இல்லாத இடம்தானே?" என்று மனைவி கேட்டாள். உடனடி அதைக் கேட்காத மாதிரி பேப்பரைப் புரட்டினார்.

குழு வந்தது. இயக்குநரே பித்தளை அளவுக்கருவியோடு மாடியேறினார். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். முகம் இருண்டது.

"ஒரு துளைகூட இல்லையே. மருந்து அடிச்சிருக்கீங்க."

"ஐயோ, இல்லீங்க சார்," என்றாள் மனைவி. "காலையில எழுந்ததும் இலை இலையாப் பார்த்து, புழுவை நானே கையால எடுத்துப் போட்டுடுவேன்."

"எடுத்த புழு எங்கே?"

"காக்கா தின்னுடுச்சு."

"எந்தக் காக்கா?"

மனைவி வானத்தைப் பார்த்தாள். குழுவும் அண்ணாந்து பார்த்தது. சம்பந்தப்பட்ட காக்கை ஆஜராகவில்லை. மறு ஆய்வுக்கு இரண்டு வாரம் தவணை கொடுத்து இறங்கிப் போனார்கள். இறங்கும்போது இயக்குநர் உடனடியின் தோளைத் தட்டி, "காசாளர் வீட்டைப் போய்ப் பாருங்க. இலையெல்லாம் சல்லடை. அதுதான் நேர்மை," என்றார்.

உடனடி அன்று இரவு தூங்கவில்லை. காசாளர் அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். அவரைப் போய் 'கண்காணிப்பாளர் சார்' என்று கூப்பிடுவதா? மறுநாள் மானம் மரியாதையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் காசாளரின் கூண்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் புழு கிடைக்குமா?"

"புழுவா? நல்ல சாதிப் புழுவெல்லாம் சும்மா வருமா தம்பி? உன் நாற்காலி ஃபேனுக்கு நேர் கீழே இருக்குல்ல?"

"அதை மட்டும் கேக்காதீங்கண்ணே."

"அப்போ புழுவும் கேக்காதே."

நாற்காலி இடம் மாறியது. டிபன் டப்பா நிறையப் புழு வந்தது. மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. உடனடி மாடிக்குப் போய்த் தொட்டிக்குத் தொட்டி நியாயமாகப் பங்கிட்டு விட்டார். முதல் நாள் ஒரு புழுவும் அசையவில்லை. "அரசாங்க வேலைன்னு தெரிஞ்சுடுச்சு போல," என்று அலுத்துக்கொண்டு தூங்கப் போனார். அதன் பிறகு அவை வேலை செய்த வேகத்தை அந்த அலுவலகத்தில் யாரும் கண்டதில்லை.

மனைவி திரும்பி வந்து மாடியேறியபோது தொட்டிகளில் வெறும் குச்சிகள் நின்றன. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து அவர் படிக்கட்டில் ஒதுங்கி நின்றார். அவள் கத்தவில்லை. ஒரு குச்சியைத் தொட்டபடி, "காய் காயாப் பார்த்து வச்சிருந்தேனே," என்றாள். கண் நிறைந்துவிட்டது. உடனடிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் மறு ஆய்வு நாளைக்கு என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

இயக்குநர் குச்சிகளைப் பார்த்து மலைத்துப் போனார். கருவியைத் திறந்தார், மூடினார்.

"இலை எங்கே?"

"முழுக்கத் துளையாயிடுச்சு சார்."

"அதாவது, துளை மட்டும்தான் மிச்சம்!" இயக்குநர் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இவ்வளவு தூய்மையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை."

உடனடி கண்காணிப்பாளர் ஆனார். புதிதாகத் தொடங்கிய துளைப் பிரிவும் அவர் பொறுப்பில் வந்தது.

அப்புறம் ஊரைக் கேட்க வேண்டுமா? பணக்காரத் தெருவில் ஓட்டைக் கீரை இல்லாமல் விருந்து நடக்கவில்லை. சந்தையில் முழுக் காயை யாரும் சீந்தவில்லை. வியாபாரிகள் பார்த்தார்கள். மருந்தை வழக்கம்போல் நன்றாக அடித்து, ஆணியால் காய்க்கொரு குத்துக் குத்தி, இரட்டை விலைக்கு விற்றார்கள். ஊரே ஆணிக் குத்தைத் தடவிப் பார்த்து, நிம்மதியாக நஞ்சைத் தின்றது.

பதவி கொடுத்த இயக்குநரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? உடனடி சந்தையிலிருந்து துளைக் கத்தரிக்காயாகப் பொறுக்கி ஒரு பை வாங்கி வந்தார். மனைவி ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, பையோடு குப்பையில் கொட்டினாள்.

"என்ன காரியம் பண்ணிட்டே! அவர் துளை இல்லாம தொட மாட்டாரே!"

அவள் மாடிக்குப் போனாள். குச்சிகள் மறுபடி துளிர்த்துக் காய்த்திருந்தது அவருக்குத் தெரியாது. மடி நிறையக் காயோடு வந்தாள். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக் கழுவி, ஒவ்வொரு காயிலும் ஒரு குத்து வைத்து, வேண்டியதை அடுப்பில் ஏற்றினாள். உடனடி சமையலறை வாசலில் பார்த்துக்கொண்டே நின்றார்.

இயக்குநர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். "துளை விழுந்த காயோட ருசியே தனி! அந்தத் தக்காளிக்கு அப்புறம் இன்னிக்குத்தான்..." என்றவர், சமைக்காமல் கூடையில் கிடந்த ஒரு காயை எடுத்துக் கருவியை வைத்தார். "ஆஹா, என்ன சீரான துளை! என்ன புழும்மா இது?"

"வீட்டுப் புழுதான் சார்," என்றாள் மனைவி.

மறுநாள் உத்தரவு வந்தது. மேற்படி துளையே இனி எங்கும் நிலையான அளவாகக் கொள்ளப்படும். மேற்படி புழுவைக் கண்காணிப்பாளர் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நேரில் ஆஜர்படுத்தத் தவறினால், பதவி திரும்பப் பெறப்படும்.

சனியும் ஞாயிறும் அவர் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலையில் சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் மனைவி முன்னால் வந்து நின்றார்.

"நான் என்ன பண்ணுவேன்? ஹேர்பின்னுன்னு சொன்னா வேலையே போயிடும். புழுவை ஆபீஸுக்கு அனுப்பச் சொல்றாங்களே!"

அவள் டிபன் டப்பாவை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"அதுக்கு ஏன் அழறீங்க? தினமும் அனுப்பிக்கிட்டுத்தானே இருக்கேன்."

உடனடி வாசலில் இறங்கினார். மணி ஒன்பதரை. அந்த நேரத்தில் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று, டப்பாவைத் தூக்கிக்கொண்டு, ஆபீஸுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.