பீடிக் கம்பியும் ஃபில்டர் காபியும்

டீ குடிக்கும் வீட்டில் பிறந்தவன் காபி விஷயத்தில் வாயைத் திறக்கவே கூடாது. நான் திறந்தேன். இன்றுவரை அனுபவிக்கிறேன்.

என் தங்கை ஜமீலாவைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. அரிசிக்கடைக் குடும்பம். மாப்பிள்ளையின் உம்மா டீயைத் தொடமாட்டாராம், ஃபில்டர் காபிதானாம். (தரகர் சொன்ன தோரணையில், காபி சரியில்லையென்றால் அந்த அம்மா அப்படியே பஸ் ஏறிவிடுவார் போலிருந்தது.) முன்பு ஒரு சம்பந்தம் மேலப்பாளையத்து எங்கள் வாசலோடு திரும்பியிருந்தது. "பீடி சுத்துத வீடா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அன்று ஜமீலா சாப்பிடவே இல்லை. இதுவும் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆகவே இம்முறை எங்கள் உம்மா புகையிலை, இலை, கம்பி, சுளவு என்கிற முறம் எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். காபி என் பொறுப்பு. சென்னை மெஸ்ஸில் குடித்த அனுபவம் போதாதா? (குடித்தது மட்டும்தான். போட்டதில்லை.)

புது ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டேன். உம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னலே, இப்படித் தளர்வா கெடக்கு? நல்லா இறுக்கி அடை. தளர்வா இருந்தா கழிச்சுப் போடுவானுவ."

தளர்ந்த பீடியைத்தான் கம்பெனியில் கழிப்பார்கள். காபிக்கும் அதே சட்டம் என்று நானும் நம்பினேன். கட்டை விரலால் அமுக்கினேன். பிறகு என் முழு எடையையும் போட்டு அமுக்கினேன். வெந்நீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு சொட்டு இறங்கவில்லை. தட்டினேன், குலுக்கினேன், கெஞ்சினேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஜமீலா புதுச் சேலையோடு அடுக்களைக்கு ஓடிவந்தாள். "அண்ணே, வந்துட்டாவ. டிகாஷன் எங்க?"

"வருது, வருது."

"எங்கன வருது? அடியில ஒண்ணுமே இல்லையே!" அவள் கண் கலங்கிவிட்டது. "ஒன்னையப் போயி நம்புனேன் பாரு."

கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய், பீடியின் வாயை மடிக்கும் கம்பியை எடுத்துவந்து தூளில் குத்து குத்தென்று குத்தினேன். பொத்துக்கொண்டு இறங்கியது டிகாஷன். கறுகறுவென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

மாப்பிள்ளையின் உம்மா ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"தம்பி, இதுல என்ன போட்டிய?"

"காபித்தூள், மாமி."

"வேற?"

"பால், சீனி..."

"பீடி வாசம் அடிக்குதே."

கம்பியைக் கழுவவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசத்திலேயே வளர்ந்த மூக்குக்கு என்ன தெரியும்? வீட்டில் எதை ஒளித்தோமோ அதையே பால் ஊற்றி, சீனி போட்டு, தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன். என் உம்மா சுவரைப் பார்த்தபடி நின்றாள். பாவி, தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே என்று என்னையே சபித்துக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஜமீலாவின் குரல் வந்தது. "நாங்க பீடி சுத்துதோம், மாமி. நானும் உம்மாவும். அதுல ஒரு வெக்கமும் இல்ல. காபி போட்டது மட்டும் அண்ணன்."

வந்ததிலிருந்து வாயே திறக்காமல் உம்மென்று உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் வாப்பா, காலி டம்ளரை நீட்டினார்.

"இன்னும் ஒரு வாய் கெடைக்குமா?"

மாமி அவரை முறைத்தார். முறைத்தபடியே சிரித்துவிட்டார். "டாக்டர் பீடியை நிறுத்தச் சொன்னதுலேருந்து இந்த மனுசன் மூஞ்சி இப்படித் தெளிஞ்சு நான் பாக்கல. பிள்ளைய வரச் சொல்லுங்க. ஒளிக்காமச் சொன்னா பாருங்க, அது போதும். காபிய மட்டும் இனிமே அவளே போடட்டும்."

ஜமீலா இப்போது அம்பாசமுத்திரத்தில் அருமையாகக் காபி போடுகிறாள். அந்த அடுக்களைக்குள் என்னை யாரும் விடுவதில்லை. நான் போனால், மாமி அந்தப் பக்கம் நகரும்வரை காத்திருந்துவிட்டு, ஜமீலாவின் மாமனார் பைய வந்து என் காதோரம் குனிவார்.

"தம்பி, கம்பி கொண்டாந்தியளா?"