பூட்டுக்குள் மாமா

பிள்ளைகளே, திண்டுக்கல்லில் பூட்டு செய்கிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. ஆனால் தன்னையே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு சம்பாதிக்கிற மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் தெருவில்தான் இருக்கிறார். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர், பூட்டுக்குள் மாமா.

பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மில் வேலையை விட்டவர், இணையத்தில் வாய்ப்புத் தேடிப் பிடித்து, வீட்டிலிருந்தே கட்டுரை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் தெருவுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. யார் வீட்டு கேஸ் சிலிண்டர் வந்தாலும் வாங்கி வைக்க மாமா. மொட்டை மாடி வடகத்துக்குக் காக்கா விரட்டவும் மாமா.

"அண்ணே, சும்மாதான இருக்கீங்க, செத்த நேரம் பிள்ளையப் பாத்துக்கங்க" என்பார் எதிர்வீட்டு சவேரியம்மா. அந்தச் செத்த நேரம் சாயங்காலம்தான் முடியும்.

இப்படியே கெடு தாண்டி இரண்டு கட்டுரைகள் பாழாயின. அடுத்து ஒரு சென்னைக் கம்பெனி சோதனைக் கட்டுரை கேட்டது. ஐந்து மணிக்குள் அது போய்ச் சேர்ந்து, அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மறுபடி பஞ்சுத் தூசிதான்.

"நீ வெளிய பூட்டிட்டுப் போயிரு. ஆளில்லன்னு நெனச்சுக்குவாங்க" என்றார் மனைவியிடம். அத்தையும் ஒரு பெரிய மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டு, இழுத்துப் பார்த்து, சாவியோடு வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நாலரைக்குக் கரண்ட் போனது. கூடவே நெட்டும் போனது. செல்போனிலும் டேட்டா காலி.

ஜன்னல் வழியே ஒரு குரல்: "யாராச்சும் நெட்டு குடுங்கப்பா!"

பூட்டைப் பார்த்த சவேரியம்மா அலறினார். "ஐயய்யோ, பூட்டின வீட்டுக்குள்ள திருடன்!" விளக்குமாற்றோடு ஓடி வந்தார். பின்னாலேயே தெருவும் வந்தது.

"திருடன் எதுக்குடி நெட்டு கேக்குறான்?" என்றார் அவர் கணவர்.

"நான்தாம்மா! நேரமாச்சு!"

"உள்ள பூட்டிக்கிட்டு என்னண்ணே செய்றீங்க?"

"வேலை!"

"வேலைன்னா எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டு செய்யணும்?"

நான் ஹாட்ஸ்பாட் போட்டு, என் போனை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினேன். "அப்படி என்னதான் எழுதுறீங்கண்ணே?"

மாமா லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அக்கம்பக்கத்துத் தொந்தரவைச் சமாளிப்பது எப்படி."

சவேரியம்மா விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவர் பிள்ளை சிணுங்கியது. "உஷ்ஷ்!" என்றது மொத்தத் தெருவும்.

கட்டுரை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேலையும் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் சவேரியம்மா வேறு பெயரில் வருகிறாராம். எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

பூட்டு இன்னமும் தினமும் தொங்குகிறது. மாமா வீட்டு சிலிண்டரை இப்போது நாங்கள் வாங்கி வைக்கிறோம். மற்ற தெருக்களில் பூட்டு தொங்கினால் ஆளில்லை என்று பொருள். எங்கள் தெருவில் என்றைக்காவது அந்தப் பூட்டைக் காணவில்லை என்றால், "அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறோம்.